மட்டக்களப்பு வாவியில் கொடுவாவுக்கு பெயிட்காஸ்டர்: வாங்குவது, சரிக்கட்டுவது, சிக்கு விழாமல் எறிவது

புது பெயிட்காஸ்டர் றீலோடு (எறியும்போது ஸ்பூல், அதாவது நூல் சுற்றிய உருளை, தானே சுழன்று நூலை விடும் தூண்டில் றீல் இது) கல்லடிப் பழைய பாலத்தில் நின்ற முதல் நாள், முக்கால் மணி நேரத்தில் நான் எறிந்தது நான்கே முறை. மீதி நேரமெல்லாம் நூல் சிக்கு எடுப்பதில் போனது. பக்கத்தில் கைத்தூண்டிலோடு குந்தியிருந்த பெரியவர் அதற்குள் இரண்டு மீனை வாளியில் போட்டுவிட்டார். திரும்பி என் கையைப் பார்த்தவர், "என்ன மனே, குருவிக்கூடு கட்டுறியா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஸ்பூலில் இருந்தது கூடேதான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சிக்கெடுத்து, ஒரு முழு ரோல் நூலை வெட்டி எறிந்து, பிழையான கைப்பிடியில் ஒரு றீல் வாங்கி அதை நட்டத்துக்கு விற்று, கடைசியில் ஒரு வழிக்கு வந்தேன். நான் பார்த்துப் பழகிய வீடியோக்கள் எல்லாம் அமெரிக்க நன்னீர்க் குளங்களில் பாஸ் மீன் பிடிப்பவர்களுடையவை. அந்த மீன் நம் வாவியில் இல்லை. நம்மிடம் இருப்பது கொடுவா. ஆசியக் கடல் பாஸ் என்று வெளிநாட்டார் சொல்வதும் இதைத்தான். ஆயுதம் இரண்டுக்கும் ஒன்றே என்றாலும் நம் பக்கத்தில் உப்புத் தண்ணீர், ஓயாத காற்று, கண்ணா (சதுப்பு மர) வேர் மூன்றும் சேர்ந்து வருகின்றன. வீடியோவில் சொல்வதை அப்படியே செய்தால் முதலில் சிக்கு விழும், அப்புறம் துருப் பிடிக்கும்.

1. இந்த றீல் உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

கடற்கரையில் நின்று ஈயக்கட்டியோடு இறால் துண்டு போடுபவர் என்றால் வேண்டாம். எறியும்போது ஸ்பூல் சுழலாத சாதாரண ஸ்பின்னிங் றீலே போதும், காசும் மிச்சம். 7 கிராமுக்குக் குறைந்த சின்ன லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) எறிபவருக்கும் வேண்டாம். பாரம் குறைந்த லூரால் பெயிட்காஸ்டரின் ஸ்பூலை ஒழுங்காகச் சுழற்ற முடியாது. அதற்கென்று செய்த றீல்கள் இருக்கின்றன, ஆனால் அவை புதியவர் கைக்கு ஏற்றவை அல்ல.

10 கிராமிலிருந்து 30 கிராம் வரையான லூரை, வேர் விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சொல்லி வைத்தாற்போல் விழுத்த வேண்டும், மீன் கடித்ததும் அது வேருக்குள் ஓடுமுன் இழுத்து வெளியே எடுக்க வேண்டும் என்றால்தான் இந்த றீல். பெருவிரல் நேரே ஸ்பூல் மேல் இருப்பதால் லூரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

2. எந்தக் கைப்பிடி என்பதை முதலில் தீர்மானியுங்கள்

ஸ்பின்னிங் றீலில் கைப்பிடியை இரண்டு பக்கமும் மாற்றிப் பூட்டலாம். பெயிட்காஸ்டரில் முடியாது. வாங்கும்போது எந்தப் பக்கமோ, ஆயுள் முழுக்க அந்தப் பக்கம்தான். நான் விழுந்த முதல் குழி இது.

வலக்கையால் எறிந்து இடக்கையால் சுற்றிப் பழகியவர் இடக்கைப் பிடி வாங்குங்கள். எறிந்ததும் றொட்டை (தூண்டில் கம்பை) கை மாற்றத் தேவையில்லை. கொடுவா பல தடவை லூர் தண்ணீரில் விழுந்த நொடியிலேயே அடிக்கும். அந்த நேரம் கை மாற்றிக்கொண்டு நின்றால் போனது போனதுதான்.

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். விற்பவர்கள் இரண்டு வகைக்கும் ஒரே படத்தைப் போடுகிறார்கள். மாதிரி எண்ணைப் பாருங்கள். ஷிமானோ கம்பெனி றீலில் எண் 0 என்று முடிந்தால் வலக்கைப் பிடி, 1 என்று முடிந்தால் இடக்கைப் பிடி. எஸ்எல்எக்ஸ் 150 வலம், 151 இடம். டைவாவில் பெயரின் கடைசியில் 'எல்' எழுத்து இருந்தால் இடம்.

3. றீலில் பார்க்க வேண்டியதும் பார்க்கத் தேவையில்லாததும்

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் பெயாரிங் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். '18 பெயாரிங்' என்று எழுதிய ஒரு மலிவு றீல் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் பிரேக் திருகை 1இல் வைத்தாலும் 10இல் வைத்தாலும் ஒரே மாதிரித்தான் சிக்கு விழும். நல்ல பெயாரிங் ஐந்து போதும்.

கியர் விகிதம்: 6.3:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றும்போது ஸ்பூல் 6.3 சுற்றுச் சுற்றுகிறது. நூல் நிறைந்த ஸ்பூலின் குறுக்களவு 34 மில்லிமீற்றர் என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர் நூல் உள்ளே வரும். 7.1:1இல் இது 76 சென்ரிமீற்றர். வாவிக்கு இந்த இரண்டுக்கும் இடையில் எதை வாங்கினாலும் சரி. 8:1க்கு மேல் போனால் புதியவர் லூரை வேகமாக ஓட்டிவிடுவார். மெதுவாக இழுக்க வேண்டிய மினோவை (சின்ன மீன் வடிவ லூரை) மோட்டார் படகு போல இழுத்துக்கொண்டு மீனைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பிரேக்: இரண்டு வகை. ஒன்று மையவிலக்கு வகை. ஸ்பூலோடு சேர்ந்து சுழலும் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் வேகம் கூடும்போது வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். ஷிமானோ எஸ்எல்எக்ஸ், குராடோ இந்த வகை. மற்றது காந்த வகை. டைவா தட்டுலாவும் அபு கார்சியா பிளாக் மாக்ஸும் இந்த வகை. மையவிலக்குப் பிரேக்கின் பிடி ஸ்பூல் மிக வேகமாகச் சுழலும் ஆரம்பத்தில்தான் மிகப் பலம். வேகம் குறைந்த பிறகும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருப்பது காந்தம். எதிர்க்காற்றில் எறிபவருக்குக் காந்தம் ஒரு படி இலகு என்பது என் அபிப்பிராயம். மற்றக் கட்சிக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை. பிரேக்கை றீலைத் திறக்காமல் வெளியே இருந்து திருகக்கூடியதாக வாங்குங்கள். படகில் நின்றுகொண்டு மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் துண்டு வாவிக்குத்தான்.

உப்பு: 'கடல்நீருக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும். எல்லா பெயிட்காஸ்டரும் அப்படியல்ல. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கல்லடிப் பக்கத் தண்ணீரை நன்னீர் என்று நினைக்காதீர்கள்.

விலை: எஸ்எல்எக்ஸ் தரத்து றீல் அமெரிக்கக் கடைகளில் 100 டொலரை ஒட்டிப் போகிறது. குராடோ அதன் இரண்டு மடங்குக்குக் கிட்ட. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் முதலாவதே 30,000 ரூபாய், வரி வேறு. தொடக்கத்துக்கு முதலாவதே போதும். மிச்சக் காசை நூலில் போடுங்கள்.

4. றொட்: நீளத்தை பஸ்ஸை வைத்து முடிவு செய்யுங்கள்

பெயிட்காஸ்டரை ஸ்பின்னிங் றொட்டில் பூட்டாதீர்கள். பூட்டத்தான் முடியும், எறிய முடியாது. காஸ்டிங் றொட்டில் வளையங்கள் சின்னவை, மேல் பக்கம் பார்த்திருக்கும், பிடியின் கீழே சுட்டுவிரல் கொளுவ ஒரு கொக்கி இருக்கும்.

நீளம் ஆறரை அடி. றொட்டில் எழுதியிருக்கும் லூர் எடை 7–28 கிராம். பிடிப் பக்கம் விறைப்பாகவும் நுனிக் கால்வாசி மட்டும் வளைவதாகவும் இருக்கட்டும். இந்த எடை எழுத்தைச் சின்ன விசயமாக எடுக்காதீர்கள். 10 கிராம் லூரை 60 கிராமுக்கான றொட்டில் எறிந்தால் றொட் வளையாது. றொட் வளையாவிட்டால் கைதான் வெட்டி இழுக்கும். கை வெட்டினால் சிக்கு. பலர் றீலைத் திட்டுவது இந்த இடத்தில்தான், குற்றவாளி றொட்.

ஒரே துண்டு றொட் சிறந்தது என்பார்கள். கல்முனையிலிருந்து பஸ்ஸில் வருபவருக்கு அது சரிவராது. தபால் கூலியும் நீளத்துக்கு ஏற்ற மாதிரி எகிறும். இரண்டு துண்டு வாங்கி, ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி அடியுங்கள். என் குழாய்க்கும் மூடிகளுக்கும் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான் ஆனது.

5. வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால்: கடதாசி, வரி, நாள்

கொழும்பில் நல்ல கடைகள் இருக்கின்றன. நீங்கள் தேடும் மாதிரி அங்கே கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள், தலையிடி குறைவு. நான் தேடியது இல்லாததால் வெளியே ஓடர் போட்டேன்.

விற்றவர் எனக்கு நன்மை செய்வதாக நினைத்து, பொட்டலத்தின் மேல் 'அன்பளிப்பு, 10 டொலர்' என்று எழுதி அனுப்பிவிட்டார். சுங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு றீலின் விலை தெரியாதா? பொட்டலம் நின்றுவிட்டது. உண்மை விலைக்கு ஆதாரம் காட்டும்வரை மூன்று கிழமை. ஆகவே ஓடர் போடும்போதே விற்பவருக்கு எழுதுங்கள்: உண்மை விலையை எழுது, விலைச்சிட்டையைப் பெட்டிக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வை.

உங்கள் கையில் இவை தயாராக இருக்கட்டும்:

- விலைச்சிட்டை, உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே
- காசு கட்டியதற்கான வங்கி அல்லது அட்டைப் பதிவு
- அனுப்பும் கூலி தனியாகத் தெரியும் ஓடர் பக்கத்தின் பிரதி
- தேசிய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி

பெயர் விசயத்தில் கவனம். ஓடரில் செல்லப் பெயரையும் அட்டையில் முழுப் பெயரையும் வைத்துக்கொண்டு நான் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். விலை, அனுப்பும் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டித்தான் பெறுமதி பிடிப்பார்கள். அதற்கு மேல் இறக்குமதி வரிகள், அப்புறம் 2024இலிருந்து 18 வீதமாக உயர்ந்த வற். ஆகவே ஒரு றீல், ஒரு நூல், லீடர் (நூல் நுனியில் கட்டும் தடித்த துண்டு), லூர் என்று நாலு பொட்டலமாக எடுப்பதை விட ஒன்றாக எடுத்தால் கூலி மிச்சம். எனக்கு ஓடரிலிருந்து கைக்கு வர, அந்த மூன்று கிழமையையும் சேர்த்து, ஏழு கிழமை ஆனது. சிக்கல் இல்லாமல் வந்த இரண்டாவது பொட்டலத்துக்கு நான்கு கிழமை.

6. நூல் சுற்றுவது

வாவிக்கு 30 இறாத்தல் பின்னல் நூல். ஜப்பான் கணக்கில் எழுதியிருந்தால் பிஈ 2ஐ ஒட்டியது. 150 அளவு றீலில் இது 100 மீற்றருக்கு மேல் கொள்ளும். அதைவிட மெல்லிய நூல் தூரம் போகும் என்று ஆசைப்படாதீர்கள். மெல்லிய பின்னல் நூல் சுமை வரும்போது கீழ்ச் சுற்றுகளுக்கு இடையில் கத்தி போல இறங்கிவிடும். அடுத்த எறிதலில் லூர் நடுவழியில் சடாரென்று நிற்கும், சில நேரம் அறுந்து தனியாகப் பறக்கும்.

பின்னல் நூலை நேரே ஸ்பூலில் கட்டக்கூடாது. ஸ்பூல் வழுவழுப்பு, நூலும் வழுவழுப்பு, பெரிய மீன் இழுத்தால் முழு நூலும் ஒரு வளையம் போல ஸ்பூலைச் சுற்றிச் சறுக்கும். ட்ராக் (மீன் பலமாக இழுக்கும்போது நூலை நழுவ விடும் பிடி) பழுது என்று நினைத்து நான் றீலையே கழற்றிப் பார்த்தேன். முதலில் பத்துப் பதினைந்து சுற்று தங்கூசி (ஒற்றை நைலோன் நூல்) சுற்றி, அதன் மேல் பின்னல் நூலைக் கட்டுங்கள். ஈரத்துணியை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து அதற்குள்ளால் நூலை இறுக்கமாகச் சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்பிலிருந்து 2 மில்லிமீற்றர் குறையும்போது நிறுத்துங்கள். விளிம்புவரை நிரப்பினால் சிக்கு நிச்சயம்.

முன்னால் லீடர் 40 இறாத்தல் ஃப்ளூரோகார்பன் அல்லது தடித்த தங்கூசி, முக்கால் மீற்றர். கொடுவாவின் வாய் அரத்தாள் மாதிரி, செவுள் மூடி விளிம்போ சவர அலகு மாதிரி. லீடர் இல்லாமல் வெறும் பின்னல் நூலில் பிடிப்பவருக்குத் தலையை ஒரு தரம் ஆட்டிக் காட்டிவிட்டுப் போய்விடும்.

இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு. பின்னல் நூலை விறைப்பாகப் பிடித்து, லீடரை அதன் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இருபது தடவை பின்ன வேண்டும். எச்சில் தொட்டு மெல்ல இழுத்து இறுக்கும்போது பின்னலின் நிறம் கறுத்து, லீடருக்குள் புதைந்தது போலத் தெரியும். நிறம் மாறாவிட்டால் முடிச்சு இறுகவில்லை, வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். வீட்டில் மேசை விளக்கில் பத்து முறை பழகிய பிறகு வெளியே போங்கள். காற்றடிக்கும் பாலத்தில் முதல் தடவையாகக் கட்டுகிற முடிச்சல்ல இது.

7. றீலைச் சரிக்கட்டும் ஒழுங்கு

சிக்கு எப்படி விழுகிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும். லூர் நூலை இழுக்கிறது, நூல் ஸ்பூலைச் சுழற்றுகிறது. லூர் காற்றில் வேகம் இழக்கும், ஸ்பூலுக்கு அது தெரியாது, அது தன்பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். வெளியே போக இடமில்லாத நூல் ஸ்பூலுக்குள்ளேயே பொங்கும். அவ்வளவுதான். லூரை விட ஸ்பூல் வேகமாகச் சுழலாமல் பார்த்துக்கொள்ளவே பக்கத் திருகு, பிரேக், பெருவிரல் மூன்றும்.

இந்த ஒழுங்கில் செய்யுங்கள், மாற்றாதீர்கள்.

முதலில் லூரைக் கட்டுங்கள். லூர் இல்லாமல் சரிக்கட்டியது எதற்கும் உதவாது. லூரின் எடை மாறினால் திரும்பவும் இங்கேயிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து கைப்பிடிப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பக்கத் திருகு. றொட்டைச் சாய்வாக உயர்த்திப் பிடித்து, பெருவிரலை ஸ்பூலில் வைத்தபடியே, ஸ்பூலை விடுவிக்கும் கட்டையை அமத்தி, மெல்ல விரலை எடுங்கள். லூர் தானாக மெதுவாக இறங்க வேண்டும். நிலத்தில் முட்டியதும் ஸ்பூல் நிற்க வேண்டும், மிஞ்சிப்போனால் ஒரு சுற்று. விழுந்த பிறகும் சுழன்றுகொண்டிருந்தால் கொஞ்சம் இறுக்குங்கள். இறங்கவே இல்லையென்றால் தளர்த்துங்கள். ஒரு தரத்துக்கு மணிக்கூட்டு முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் திருகாதீர்கள்.

மூன்றாவது பிரேக். அதை உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். டைவா தட்டுலாவில் திருகு 20 வரை இருக்கும், 15இல் தொடங்குங்கள். லூர் தூரம் போகாது. போகட்டும், தூரம் இப்போது தேவையில்லை.

பத்து எறிதல் சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு படி குறையுங்கள். இன்னொரு பத்து, இன்னொரு படி. எந்தப் படியில் நூல் மெல்லப் பொங்கத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி மேலேயே நில்லுங்கள். பக்கத் திருகையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். என் முதல் மாதம் முழுக்க அந்தத் திண்டாட்டம்தான்.

கை பழகிய பிறகு பக்கத் திருகைத் தளர்த்திவிடுங்கள். ஸ்பூலைப் பெருவிரலால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் சரியாக நிற்கிற இடம்தான் அதன் நிரந்தர இடம். அதை எப்போதும் இறுக்கி வைத்தால் எறியும் தூரம் குறையும், ஸ்பூல் தண்டின் முனையும் தேயும்.

8. எறியப் பழகும் இடமும், சிக்கு சொல்லும் செய்தியும்

கல்லடிக் கடற்கரையில் பழகாதீர்கள். நான் பழகினேன். ஈர நூலில் ஒட்டிய மணல், நூலை ஸ்பூலில் அடுக்கும் முன்பக்கத் தண்டுக்குள் போய், இன்றைக்கும் அந்த றீல் சுற்றும்போது மிளகு அரைக்கும் சத்தம் கேட்கிறது. புல் உள்ள மைதானம் பாருங்கள். கொளுக்கி கழற்றிய 14 கிராம் லூரைக் கட்டுங்கள், பிள்ளைகள் ஓடித் திரிவார்கள்.

முதலில் ஒரு தந்திரம். லூரை உங்களால் எறிய முடிந்த தூரம் எறிந்து, அதற்கு மேலும் ஐந்தாறு மீற்றர் நூலைக் கையால் இழுத்து விடுங்கள். அந்த இடத்தில் ஸ்பூல் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, நூலைத் திரும்பச் சுற்றுங்கள். இனி எவ்வளவு மோசமான சிக்கென்றாலும் டேப்புக்குக் கீழே போகாது. மீன் பிடிக்கப் போகும்போது டேப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

சிக்கு விழுந்ததும் நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க வளையங்கள் முடிச்சாகும். ட்ராக்கை இறுக்கி, பெருவிரலால் ஸ்பூலை நன்றாக அமத்திக்கொண்டே கைப்பிடியை மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு கட்டையை அமத்தி நூலை மெல்ல இழுங்கள். முக்கால்வாசிச் சிக்கு இதிலேயே அவிழ்ந்துவிடும். என் அந்த ஒரு ரோல் நூல் இது தெரியாமல் வெட்டி எறிந்தது.

சிக்கு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். எறிந்த உடனேயே, லூர் இரண்டு மூன்று மீற்றர் போவதற்குள் விழுந்தால் உங்கள் கை வெட்டி இழுக்கிறது. மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி எறியுங்கள், லூரைச் சுண்டாமல் றொட்டைக் கொண்டு அனுப்புங்கள். நடுவானில் விழுந்தால் காற்று அல்லது பிரேக் குறைவு. லூர் தண்ணீரில் விழுந்த பிறகு விழுந்தால் பெருவிரல் தூங்கிவிட்டது. லூர் தண்ணீரைத் தொடும் நொடிக்குச் சற்று முன்பே விரல் ஸ்பூலைத் தொட வேண்டும். இதற்கு எந்த விலை றீலும் மாற்று இல்லை.

காற்றைப் பற்றி. வைகாசி தொடக்கம் ஆவணிவரை கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அடிக்கும். பின்னேரம் கடற்காற்று எதிர்ப்பக்கமிருந்து வரும். ஒரே இடத்தில் நின்றாலும் காலையில் சரியாக இருந்த பிரேக் பின்னேரம் சரியாக இராது. எதிர்க்காற்று என்றால் பிரேக்கை மூன்று நான்கு படி கூட்டி, றொட்டைத் தலைக்கு மேலால் வீசாமல் பக்கவாட்டில் தாழ்வாக வீசுங்கள்.

பின்னேரங்களில் அரை மணி நேரம் வீதம் இரண்டு கிழமை. அதற்குள் பத்தில் எட்டு எறிதல் சுத்தமாகப் போக வேண்டும். போகும்வரை வாவிக்குப் போக வேண்டாம்.

9. ட்ராக்கை கையால் ஊகிக்காதீர்கள்

மீன் நிறுக்கும் கொக்கித் தராசை லீடர் நுனியில் கொளுவி, றொட்டைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். 30 இறாத்தல் என்பது ஏறத்தாழ 13.6 கிலோ. அதில் கால்வாசி, அதாவது 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நூல் நழுவத் தொடங்க வேண்டும். வேர் ஓரத்தில் 4 கிலோ வரை போகலாம். கைக்கு 'இறுக்கம்' என்று பட்ட என் ட்ராக் தராசில் ஒன்றரைக் கிலோ காட்டியது. அதுவரை வேருக்குள் ஓடிப்போன மீன்களை நினைத்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

10. லூர், இடம், கேட்க வேண்டிய ஆட்கள்

லூர் நிறைய வேண்டாம். 9 முதல் 12 சென்ரிமீற்றர் வரை ஒரு மினோ, வால் ஆட்டும் ரப்பர் மீன் ஒரு பாக்கெட், மேலே ஓடும் ஒரு பொப்பர். குளங்களில் ஆற்றுவாழைக்குள் விரால் தேடுபவருக்கு, கொளுக்கி மேல்பக்கம் மறைந்திருக்கும் ரப்பர்த் தவளை. மினோவோடு வரும் கொளுக்கி மெலிந்ததாக இருந்தால் தடித்ததாக மாற்றுங்கள். கொடுவா அதை நிமிர்த்திவிடும்.

வெளிச்சம் மங்கும் நேரமும் தண்ணீர் ஓட்டம் மாறும் நேரமும்தான் கொடுவாவுக்கு. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. உயரத்தைப் பார்க்காதீர்கள், ஓட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பாலத் தூண்களின் பின்பக்கம், பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை ஒட்டிய ஓரங்கள், வாவிக்குள் கண்ணா வேர் விளிம்புகள். ஐப்பசி தொடக்கம் மாரி மழையில் தண்ணீர் கலங்கி வரும்போது நான் வீட்டில் இருந்து றீல் கழுவுவேன்.

அனுமதி விசயம். வாவியில் எங்கே போடலாம், எங்கே கூடாது என்று மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் ஒரு தரம் கேளுங்கள். ஒரு காலை நேர வேலைதான், அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். உன்னிச்சை போன்ற குளங்களில் அங்கே தொழில் செய்யும் நன்னீர் மீனவர் சங்கத்தாரிடம் சொல்லாமல் இறங்காதீர்கள். அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரம் கல்லோயா தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்காமல் அங்கே றொட்டைக் குழாயிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

வலைக்காரர்களின் தோணி வந்தால் நூலைச் சுற்றி வழிவிடுங்கள், அது அவர்களின் சோறு. பொழுதுபட்ட பிறகு முழங்கால் தண்ணீரில் நிற்காதீர்கள். வாவியில் முதலை இருக்கிறது. குளங்களில் இருட்டுமுன் வெளிக்கிடுங்கள், பாதையில் யானை.

மீன் வந்தால் செவுளுக்குள் விரல் விடாதீர்கள், கீழ்த்தாடையைக் கவ்வும் பிடியால் தூக்குங்கள். கொடுவா சின்ன வயதில் ஆண், வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறும். பெரியதெல்லாம் முட்டையிடும் தாய்கள். கறிக்கு நடுத்தரமானதே ருசி என்று என் வீட்டிலும் சொல்கிறார்கள், எனக்கு அது வசதியாகப் போயிற்று.

11. வீட்டுக்கு வந்ததும், சாப்பிட முன்

கழுவாமல் ஒரு இரவு விட்டாலே பெயாரிங் கரகரக்கத் தொடங்கும். களைப்பு என்று நாளைக்குத் தள்ளாதீர்கள், பத்து நிமிட வேலை.

ட்ராக்கை முழுதாக இறுக்குங்கள், தண்ணீர் உள்ளே போகாமலிருக்க. குழாயை மெல்லத் திறந்து, தூறல் போல விழும் நல்ல தண்ணீரில் றீலைத் திருப்பித் திருப்பி நனையுங்கள். வாளிக்குள் ஊறப்போடக் கூடாது, வேகமாகப் பீச்சவும் கூடாது, இரண்டும் உப்பை உள்ளே தள்ளும். உதறி, துணியால் ஒற்றி, இப்போது ட்ராக்கை முழுதாகத் தளர்த்துங்கள். பக்க மூடியைக் கழற்றி ஸ்பூலை வெளியே எடுத்து நிழலில் காயவிடுங்கள்.

இரண்டு மூன்று பயணத்துக்கு ஒரு தரம் ஸ்பூல் பெயாரிங்குக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய். ஒரு துளிதான். றீல் எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெசின் எண்ணெய் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நான் விட்டேன், இரண்டு கிழமையில் பிசின் போலாகி ஸ்பூல் கள்ளுக் குடித்த மாதிரிச் சுழன்றது. துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்குப் பதில் ஆகாது. மையவிலக்கு பிரேக் உரசும் வளையத்தில் எண்ணெய் படவே கூடாது, பட்டால் பிரேக் இல்லை. டைவாவில் 'மாக்சீல்ட்' என்று எழுதியிருக்கும் பெயாரிங்குக்கு எண்ணெய் விடாதீர்கள். அதற்குள் இருக்கும் தனி எண்ணெய் கெட்டுவிடும்.

லூர்களையும் கழுவிக் காயவிட்டுத்தான் பெட்டிக்குள் போட வேண்டும், ஒரு ஈரக் கொளுக்கி பெட்டி முழுவதையும் துருவாக்கும். நூலையும் மறக்காதீர்கள், அதுதான் ஆக அதிகம் உப்புக் குடித்தது. கடைசியாக ஸ்பூலில் இருக்கும் நூலை ஈர விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னொரு தரம் கழுவுங்கள்.